அரிக்காதவளுக்கும் ஒரு டியூப்

1

இந்தக் கதை ஒரு பாடப்புத்தகத்திலிருந்து தப்பித்து வந்தது. செவிலியர் மாணவிகளுக்கான மருந்தியல் நூலில் ஓர் அத்தியாயத்தை எளிய தமிழில் எழுதித் தரச் சொல்லி ஒரு பதிப்பாசிரியர் என்னைக் கூப்பிட்டார். வைரஸ், பூஞ்சை, ஒட்டுண்ணி மூன்றுக்கும் எதிரான மருந்துகள்.

"ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நோயாளியை உதாரணமா வைங்க. அஞ்சு வரி போதும். வரணும், மருந்து வாங்கணும், போயிடணும்" என்றார்.

"குணமாகணுமா?"

"பாடப்புத்தகத்துல எல்லாரும் குணமாயிடுவாங்க சார்."

முதலில் வைரஸ். இப்படி ஆரம்பித்தேன்: *அக்கி கிளம்பிய மறுநாளே மருத்துவமனைக்கு வந்த பெரியவர் ஒருவர், அசைக்ளோவிர் மாத்திரையை வேளை தவறாமல் போட்டு, சிறுநீரகம் கெடாதிருக்கச் செவிலி சொன்னபடி நிறையத் தண்ணீர் குடித்து,* வாக்கியம் அங்கேயே நிற்கிறது. சொன்னதையெல்லாம் கேட்கிற மனிதரை வைத்துக்கொண்டு என்ன எழுதுவது?

அடுத்து பூஞ்சை: *படர்தாமரை வந்த பெண் ஒருத்தி, அரிப்பு நின்றதும் களிம்பை நிறுத்திவிட்டாள், எனவே* எனவே என்ன, திரும்ப வந்தது. அவளும் தேற மாட்டாள்.

மூன்றாவது ஒட்டுண்ணி. சிரங்கு வந்த ஒருவர். அவரை நாற்காலியில் உட்கார வைத்து, செவிலியைப் பக்கத்தில் நிறுத்தினேன். அவர் மருந்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. "இது எனக்கு யார்கிட்டேயிருந்து வந்துச்சு?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அஞ்சு வரி போதவில்லை.

2

ஆகவே செவிலியை அவர் வீட்டுக்கே மருமகளாக அனுப்பிவிட்டேன். பாத்திரங்களுக்குக் கல்யாணம் பண்ணி வைப்பது எழுத்தாளனுக்குச் சுலபம், செலவில்லை.

அவள் செவிலியர் கல்லூரியில் மருந்தியல் எடுக்கிறவள். கணவனும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவான். முதலில் கேலியாகக் கூப்பிட்டான், பிறகு பழக்கமாகிவிட்டது. அவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். மாமனார் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். குளியலறை வாசலில் யாராவது நின்றால் இன்றும் "உள்ள போ, உள்ள போ" என்பார். மாமியார் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. மூத்த மகன் ஒருவன் உண்டு, அவன் பேச்சை அந்த வீட்டில் எடுக்கக் கூடாது. அம்மா சாவுக்கு அவன் வரவில்லை. "பெத்தவளுக்கு வாய்க்கரிசி போட வராதவன் எனக்குப் பிள்ளையே இல்ல" என்று கண்டக்டர் அன்றைக்கே அவனை இறக்கிவிட்டார்.

[அவன் ஏன் வரவில்லை என்பதற்கு மூன்று காரணங்கள் எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன். காரணம் தெரிந்தால் நீங்கள் அவனை மன்னித்துவிடுவீர்கள். கண்டக்டருக்கு அந்த வசதி கிடையாது.]

3

முதலில் சொறிந்தது கண்டக்டர். புது சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றார், உடம்பு சூடு என்றார், தண்ணீர்த் தொட்டியைக் குறை சொன்னார். டீச்சர் அவர் மணிக்கட்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். மயிரிழை மாதிரி வளைந்த கோடுகள். தோலுக்குள் பூச்சி வளை தோண்டிய தடம்.

"மாமா, ராத்திரியில அதிகமா அரிக்குதா?"

"பகல்லதான் தூங்குறேன், அப்படின்னா பாத்துக்க."

அன்று மாலை கடையிலிருந்து வந்த கணவன், விரல் இடுக்கைக் கதவு நிலையில் தேய்த்துக்கொண்டே செருப்பைக் கழற்றினான்.

தோல் மருத்துவர் பார்த்தவுடனே சொல்லிவிட்டார்: சிரங்கு. பெர்மெத்ரின் களிம்பு எழுதிக் கொடுத்தார். வீட்டிலுள்ள எல்லாரும், நெருங்கிப் பழகிய எல்லாரும், ஒரே நாளில் பூச வேண்டும் என்றார். இதையே டீச்சர் வருடா வருடம் வகுப்பில் சொல்கிறவள். ஒருவர் விட்டுப்போனாலும் பூச்சி அவரிடம் தங்கி, ஊர் சுற்றித் திரும்பி வரும்.

வகுப்பில் இன்னொன்றும் சொல்வாள். கைகுலுக்கினால் சட்டென்று ஒட்டாது. தோலோடு தோல் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும். பிள்ளையை அணைத்துத் தூங்குகிற தாய், படுக்கையில் கிடப்பவரைக் குளிப்பாட்டுகிறவர், கணவன் மனைவி.

அவளுக்கு அரிக்கவில்லை.

கணவன் வாசல் அறைக்குப் படுக்கையை மாற்றி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. குறட்டை என்று காரணம் சொல்லிக்கொண்டார்கள். அப்பனும் மகனும் செய்தித்தாளைக்கூடக் கைமாற்றிக்கொள்வதில்லை, ஒருவர் மேஜையில் வைத்துவிட்டுப் போன பிறகு மற்றவர் எடுப்பார். அந்த வீட்டுக்குள் ஒரு பூச்சி ஓர் ஆளிடமிருந்து இன்னோர் ஆளுக்குப் போக வழியே இல்லை. அப்படியானால் வெளியிலிருந்து வந்திருக்கிறது. இரண்டு பேருக்கும் தனித்தனியாக.

மாமனாரைப் பற்றி அவள் அதிகம் யோசிக்கவில்லை. கணவனைப் பற்றி யோசிக்க நிறைய இருந்தது.*

* பதிப்பாசிரியர் இந்த இடத்தில் போன் செய்தார். "அத்தியாயம் எங்க சார்?" "ஒட்டுண்ணியில இருக்கேன்" என்றேன். "சீக்கிரம் வெளிய வாங்க" என்றார்.

4

சமையலறையில், அவன் தண்ணீர் குடிக்க வந்தபோது கேட்டாள்.

"ஏங்க, இது உங்களுக்கு எங்கேயிருந்து வந்துச்சு?"

"கடையிலதான் இருக்கும். எத்தனை பேருக்குக் கண்ணாடி மாட்டி விடறேன். காது, மூக்கு எல்லாம் தொட வேண்டியிருக்கு."

"கண்ணாடி மாட்டினா சிரங்கு வராது. கொஞ்ச நேரமாவது கையைப் புடிச்சிட்டு உக்காந்திருக்கணும். யார் கையை?"

டம்ளரைக் கழுவினான். ஏற்கெனவே கழுவியிருந்த டம்ளர்.

"ஞாயிற்றுக்கிழமை கண் பரிசோதனை முகாம்னு போறீங்களே, அங்கேயா?"

"முகாம் எதுவும் இல்ல."

அவள் தயாராகிவிட்டாள். இந்த இடத்தில் ஒரு பெண்ணின் பெயர் வரும் என்று நீங்கள் நினைத்தது மாதிரியே அவளும் நினைத்தாள். [நானும் அப்படித்தான் எழுதிவைத்திருந்தேன். கடையில் வேலை செய்யும் பெண், சிரித்தால் கன்னம் குழியும். இரண்டு பக்கம். கிழித்தாயிற்று.]

"அண்ணன் கையை" என்றான்.

பெண்ணாக இருந்திருந்தால் டீச்சருக்குச் சண்டை போடத் தெரிந்திருக்கும். இதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஊர் எல்லையில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறான். யாரோ கடைக்கு வந்தபோது சொல்லித்தான் இவனுக்குத் தெரியும். வாரா வாரம் போய்க் குளிப்பாட்டி, விரல்களைப் பிடித்துப் பயிற்சி கொடுத்துவிட்டு வருகிறான்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. நான் நர்ஸுங்க!"

"சொன்னா, அப்பாகிட்ட மறைக்கிற பாவத்துல நீயும் சேரணும். அதான்... சரி, அப்பாவுக்கு என்கிட்டேயிருந்துதான் ஒட்டியிருக்குமா?"

"அப்பாவை நீங்க கடைசியா எப்போ தொட்டீங்க?"

அவன் மேலே பார்த்து நினைவுபடுத்தப் பார்த்தான். கடைசியில் ஞாபகமில்லை என்று தலையை ஆட்டினான்.

5

ஞாயிறு காலை கண்டக்டர் நூலகத்துக்குப் போகிறேன் என்று கிளம்பினார். கொஞ்சம் கழித்து இவர்கள் இருவரும் பையில் களிம்பு டியூப்களோடு பராமரிப்பு இல்லத்துக்குப் போனார்கள்.

வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பணிப்பெண், ஒரு கையால் கிளிப்பைப் போட்டு மறு கையால் முழங்கையைச் சொறிந்தாள். டீச்சர் அதைக் கவனித்துக்கொண்டாள்.

"என்ன சார், இன்னைக்கு சீக்கிரமே வந்துட்டீங்க? உள்ள பெரியவர் இருக்காரே" என்றாள் பணிப்பெண்.

"எந்தப் பெரியவர்?"

உள்ளே கண்டக்டர் மூத்தவனுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். விழுந்துபோன கன்னத்தை இடது கையால் தூக்கிப் பிடித்து, வலது கையால் கத்தியை மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தார்.

"நீ இங்க என்னடா பண்ற?"

"நீங்க என்னப்பா பண்றீங்க?"

"நானா... நூலகம் பூட்டியிருந்துச்சு."

கட்டிலில் கிடந்தவன் பாதி முகத்தில் நுரையோடு சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு ஒரு பக்கமாகத்தான் வந்தது. சொற்கள் ஒவ்வொன்றாக, குழறிக் குழறி வந்தன.

"ரெண்டு பேரும்... சத்தியம் வாங்கினீங்க... அவன்கிட்ட சொல்லாத... அப்பாகிட்ட சொல்லாத..." மூச்சு வாங்கினான். "நான்... எத்தனை பேருக்குத்தான்... பொய் சொல்றது?"

கண்டக்டர் கத்தியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சின்னவன் அவர் முதுகில் கை வைக்கப் போனான். பாதியில் நிறுத்தினான். பிறகு வைத்தான்.

டீச்சர் வாசலிலேயே நின்றாள். அவள் மனதில் என்ன ஓடியது என்று உயர்வாக ஏதாவது எழுதலாம். உண்மையில் அவள் நினைத்தது: *இப்போ தொட்டா என்ன, ரெண்டு பேருக்குமே ஏற்கெனவே இருக்கு.*

6

பிறகு அவளுக்குத் தெரிந்த வேலையைச் செய்தாள். இல்லத்தின் மேலாளரைத் தனியாகப் பார்த்து, இங்கே இருக்கிற எல்லாருக்கும் வேலைக்காரர்களுக்கும் சேர்த்து அன்றைக்கே மருந்து போட மருத்துவரை வரவழைக்கச் சொன்னாள். களிம்பு பூச முடியாதவர்களுக்கு ஐவர்மெக்டின் மாத்திரை சரிப்படுமா என்று அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றாள். அன்று மாலை கூடத்தில் இரண்டு ஆண்களையும் உட்கார வைத்து வகுப்பெடுத்தாள்.

"கழுத்துக்குக் கீழ ஒரு இடம் விடக் கூடாது. விரல் இடுக்கு, நகத்தடி, தொப்புள், உள்ளங்கால். காலையிலதான் குளிக்கணும். நடுவுல கை கழுவினா கைக்குத் திரும்பப் போடணும். துணி, போர்வை எல்லாம் சுடுதண்ணியில. ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவை. அப்புறம் முக்கியமா, அரிப்பு உடனே நிக்காது. பூச்சி செத்த பிறகும் சில வாரம் அரிக்கும். அதுக்காகச் சும்மா சும்மா பூசக் கூடாது."

"செத்த பிறகுமா?" என்றார் கண்டக்டர்.

"ஆமா மாமா. மருந்து வேலை செய்யலைன்னு அர்த்தமில்ல."

[இங்கே இறந்துபோன மாமியாரைப் பற்றி ஒரு வாக்கியம் இருந்தது. நல்ல வாக்கியம். அதனாலேயே எடுத்துவிட்டேன்.]

கண்டக்டர் டியூபை எடுத்துக்கொண்டு எழுந்தார். "புதன்கிழமை நான் போறேன். ஞாயிறு நீ போ. ரெண்டு பேரும் ஒரே நாள் போனா அவனுக்கு நடுவுல யாரு இருக்கா?" என்று மகனைப் பார்க்காமல் சொல்லிவிட்டு அறைக்குப் போனார்.

டீச்சர் மூன்றாவது டியூபை எடுத்தாள்.

"உனக்கு எதுக்கு? உனக்குத்தான் அரிக்கலையே" என்றான் கணவன்.

"அரிக்கலைன்னா இல்லைன்னு அர்த்தமில்ல. சில பேருக்கு வெளிய தெரியவே வாரக்கணக்காகும். வீட்டுல இருக்கிற எல்லாரும் போடணும்."

புத்தகத்தில் உள்ளபடி சரியான பதில். தனக்கு அரிக்காததற்குக் காரணம் வேறு என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கும் அந்த நேரத்தில்தான் தெரிந்தது. அவன் முகம் மாறியதைப் பார்த்து அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

7

முடிவு.

பதிப்பாசிரியருக்கு அனுப்பியது: *நோயாளியும் குடும்பத்தாரும் முழுமையாகக் குணமடைந்தனர்.* ஏற்றுக்கொள்ளப்பட்டது. கீழே ஒரு பயிற்சி வினா: *அறிகுறி இல்லாதவருக்கும் ஏன் சிகிச்சை தர வேண்டும்?* இரண்டு மதிப்பெண்.

கதைக்கு அது ஆகாது. கதையில் டீச்சர் கை, கால், வயிறு எல்லாம் பூசி முடித்துவிட்டாள். முதுகின் நடுவில் ஓர் இடம். மேலிருந்து வளைத்தாலும் எட்டவில்லை, கீழிருந்து திருப்பினாலும் எட்டவில்லை. ஒரு இடம் விடக் கூடாது என்று சொன்னவளே அவள்தான். சீப்பின் முனையில் களிம்பை வைத்துப் பார்க்கலாமா என்று மேஜையைப் பார்த்தாள்.

அப்போது கதவை யாரோ லேசாகத் தட்டினார்கள்.

"டீச்சர்," என்றான் வெளியிலிருந்து. பிறகு அந்தப் பெயரை விட்டுவிட்டு, "முதுகுக்கு எட்டாதே... நான் வரட்டுமா?"

அவள் சொன்ன பதில்: *வேண்டாம் வாங்க.*

இரண்டு சொல்லையும் நான்தான் எழுதினேன். அவள் சொன்னது ஒன்றுதான். இந்தக் கதை முழுக்க நான் அடித்தது போதும், பேனாவை நீங்கள் எடுங்கள்.