கொசுறு மூட்டை

"ஒரு வண்டி மண்ணு. அது வராம நான் வர மாட்டேன்" என்றாள் அமிர்தவல்லி.

அவள் கணவர் ஜானகிராமனுக்குப் பணி ஓய்வு. கல்பாக்கம் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, திருக்கழுக்குன்றத்தில் கட்டிய சொந்த வீட்டுக்குப் போக வேண்டும். அந்த மனையோ கட்டட இடிபாடு கொட்டி மேடாக்கியது. எருக்கஞ்செடிகூட யோசித்துத்தான் முளைக்கும்.

பதினெட்டு வருடத்துக்கு முன் இந்தக் குவார்ட்டர்ஸின் கொல்லையும் வெறும் கடல் மணல். சவுக்குச் சருகு, சாணி, காய்கறித் தோல், மீன்காரி எல்லம்மாளிடம் பேரம் முடிந்த பிறகும் விடாமல் கேட்டு வாங்கிய மீன் தலைகள் எல்லாவற்றையும் புதைத்துப் புதைத்து அமிர்தவல்லி அதைக் கறுப்பு மண்ணாக்கியிருந்தாள். கத்தரி, பசலை, மொந்தன் வாழை எல்லாம் அதில் விளைந்தவை. கடையில் வாங்குவது வெங்காயம், உருளைக்கிழங்கு மட்டும். மூலையில் மண்புழு நெளியும் எருக்குழி ஒன்று உண்டு. அதை மட்டும் ஜானகிராமன் பதினெட்டு வருடமும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கடந்தார். அந்தக் குழி மண்ணையும் அள்ளி வரக் கேட்டு அவரை வதைக்க வேண்டாமென்று அவளே விட்டுவிட்டாள்.

சாமான் பார்க்க வந்த டெம்போக்காரர் கோதண்டராமன் சிரித்தார். "இன்னாக்கா, மண்ணுக்கு வூடு மாத்தறியா?"

"மோந்து பாருப்பா."

மோந்தார். "மழ வந்த மாதிரி கீது. ஆனா ஒரே நடைதான் அண்ணாத்த. பீரோவா, மண்ணா?"

அமிர்தவல்லி செங்கல்பட்டு அரிசி மண்டிக்காரர் மகள். ஆறு வேண்டுமானால் அறுபதில் ஆரம்பிக்கும் வீடு. முப்பது வருட மாப்பிள்ளைக்கு அது தெரியாதா?

"ரெண்டு மூட்டை" என்றார் ஜானகிராமன்.

"பதினஞ்சு."

"கட்டில் வேணாமா அமிர்தம்?"

"தரையில படுத்தா முதுகுக்கு நல்லதுன்னு நீங்கதான சொன்னீங்க."

"மூணு."

"பன்னெண்டு. பீரோ இங்கயே இருக்கட்டும். உங்க சட்டையெல்லாம் கொடியில தொங்கட்டும்."

"அஞ்சுல முடி அண்ணாத்த. இன்னொரு லோடு கீது எனக்கு."

"ஆறு" என்றாள் உடனே.

"ஆறுதான். மேல ஒரு பிடி ஏறக்கூடாது" என்றார் ஜானகிராமன், தோற்றுப்போன குரலில். கணவனும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். சிரிப்பைக் காட்டினால் பேரம் கெட்டுவிடும்.

ஞாயிற்றுக்கிழமை புது வீட்டில் கோதண்டராமன் மூட்டைகளை இறக்கினார். ஆறும் இறங்கின. பிறகு வண்டியில் கட்டிலுக்கு அடியிலிருந்து ஈரமாக, பழைய வேட்டிக் கிழிசலால் வாய் கட்டிய இன்னொன்று வந்தது. அமிர்தவல்லி அவிழ்த்தாள். உள்ளே எருக்குழியின் அடிமண், கொத்துக்கொத்தாகப் புழு.

"இத யாரு தோண்டினது?"

"அண்ணாத்ததான். நான் வரச்சொல்லோ மூக்குல துண்டு கட்டிகினு குழிக்குள்ள நின்னுகினு இருந்தாரு."

அவள் கணவரைப் பார்த்தாள். "ஆறுதான பேசினோம்?"

"இது கொசுறு. உங்கப்பா மண்டியில கொசுறு வாங்காம யாராவது படி இறங்கியிருக்காங்களா?"

அவர் நகக்கண்ணில் இன்னும் கறுப்பு இருந்தது.

"கை கழுவலையா?"

"ரெண்டு தடவ சோப்புப் போட்டாச்சு. இன்னொரு தடவ கழுவிட்டு வந்துடறேன்."

"இப்ப வேணாம். கடப்பாறைய எடுங்க. வெயில் ஏறறதுக்குள்ள குழி வெட்டணும், புழு காஞ்சுடும்."