முதுகில் ஓட்டை போட்ட சட்டை

1

என்னிடம் யாரும் கதை கேட்கவில்லை. கேட்டது வரலாறு. எங்கள் ஊர் ஃபுட்சால் (அரங்குக்குள் ஐந்து ஐந்து பேராக ஆடும் கால்பந்து) கிளப்பின் தலைவர் ஜெல்சன் மருந்துக்கடை வைத்திருக்கிறார். இருமலுக்கு மருந்து வாங்கப் போன என் தலையில் இந்த வேலையைக் கட்டிவிட்டார். "நம்ம அரங்கத்துக்குப் பேரு வைக்கிறோம். அன்னிக்கு ஒரு புஸ்தகம் வெளியிடணும். கிளப்போட சரித்திரம். படம் நிறைய, எழுத்து கொஞ்சம். நீங்கதான் சும்மா இருக்கீங்களே?" என்றார். எழுதுகிறவனைப் பற்றி ஊர் என்ன நினைக்கிறது என்பது அந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. இருமிக்கொண்டே வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "நோவா திரெபியா ஃபுட்சால் கிளப், கோழிக்கறித் தொழிற்சாலை ஊழியர்களால் தொடங்கப்பட்டு, இன்றுவரை இடைவிடாமல்—"

இடைவிடாமல் என்பது பொய். கோழிக்காரர்கள் கையை விரித்ததும் கிளப்பை மூடினார்கள். பிஸ்கட் கம்பெனி வந்ததும் வேறு பெயரில் திறந்தார்கள். மஞ்சள் சட்டை பழுப்பானது. பிஸ்கட்டும் போனது, மறுபடி மூடல். நாற்காலி செய்கிறவர்கள் வந்தார்கள், மறுபடி திறப்பு, பச்சைச் சட்டை, மூன்றாவது பெயர். ஆட்டக்காரர்கள் மட்டும் அதே ஆட்கள். எதிரணியின் அம்மாக்களைப் பற்றி ரசிகர்கள் பாடும் பாட்டும் அதேதான்.

இரண்டாம் தொடக்கம்: "நோவா திரெபியாவில் மூன்று கிளப்புகள் இருந்து மறைந்தன—" இதை ஊருக்குள் வாசித்தால் என்னை உதைப்பார்கள்.

மூன்று சட்டையிலும் மாறாமல் இருப்பது நெஞ்சின் மேல் தைத்த ஒரு நட்சத்திரம். மாநிலக் கோப்பையை ஒரே ஒரு தடவை வென்றதற்கான அடையாளம் அது. கோப்பை கடைசி நிமிடத்தில் விழுந்த ஒரு கோலில் வந்தது. கோல் ஜுசெமாருடையது. ஞாயிற்றுக்கிழமை அரங்கத்துக்கு வைக்கப்போவதும் அவருடைய பெயர்தான். சரி, அங்கிருந்தே தொடங்கிவிடலாம் என்று நினைத்தேன். அப்போது எனக்கு எல்லாம் தெளிவாக இருந்தது.

2

ஜுசெமார் நெடுஞ்சாலை ஓரத்தில் டயர் கடை வைத்திருக்கிறார். கடைச் சுவரில் ஒரு ஓவியம்: கோல்கீப்பர் சட்டை போட்ட ஒருவன் பாதி மைதானத்திலிருந்து பந்தை உதைக்கிறான். மூக்கு மட்டும் ஜுசெமார் சாயல். ஊரில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "கோல்காரரே, பின் சக்கரத்துல காத்து இறங்குது, பாருங்க" என்பார்கள். முப்பது வருஷமாக அதுதான் அவர் பெயர்.

நான் எழுதிக்கொண்டு போனதை அவர் முன்னால் வாசித்தேன். சுடச்சுட மாத்தே இலைத் தேநீர் ஊற்றி, குடுவையை என் பக்கம் நீட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நடுக்கோட்டருகே பந்தைப் பெற்ற ஜுசெமார், ஒரு கணம் தலை நிமிர்ந்து எதிரணிக் கோல்கீப்பரைப் பார்த்தார். பிறகு—"

"நிறுத்துங்க."

"ஏன்? நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா தலை நிமிர்ந்து இல்ல."

"பின்னே?"

"தலையே வெளிய இல்ல."

குடுவை என் கையில் இருந்தது. குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதே எனக்கு மறந்துபோனது. (இந்த வரி மிகை. ஆனால் நடந்தது.)

3

இனி இதை வரலாறாக எழுத முடியாது. ஆகவே அவர் கண்ணால் சொல்கிறேன். அவர் கண் அப்போது ஒன்றையும் பார்க்கவில்லை என்பதுதான் சிக்கல்.

சட்டையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் கோல் தேவைப்பட்டால், கோல்கீப்பரை வெளியே அனுப்பிவிட்டு இன்னொரு ஆட்டக்காரனை இறக்குவார்கள். கோலைக் காக்காமல் தாக்கப் போவான்.* அவன் கோல்கீப்பர் நிறச் சட்டை போட வேண்டும், முதுகில் அவனுடைய எண்ணும் தெரிய வேண்டும். கோழிக்கறிக் கம்பெனி இதற்கெல்லாம் தனிச் சட்டை தைத்துத் தராது. பழைய கோல்கீப்பர் சட்டை ஒன்றின் முதுகில் கத்தரியால் ஒரு பெரிய ஓட்டை போட்டார்கள். யார் மாட்டினாலும் உள்ளே இருக்கும் அவனுடைய எண் ஓட்டை வழியாகத் தெரியும். எல்லாக் கிளப்பிலும் இப்படித்தான் செய்வார்கள், கேவலம் ஒன்றுமில்லை.

* அதாவது வீட்டுக் கதவைத் திறந்து போட்டுவிட்டுக் காவல்காரனையும் கூட்டிக்கொண்டு சண்டைக்குப் போவது. முட்டாள்தனம் மாதிரி இருக்கும். சில சமயம் பலிக்கும்.

இறுதி ஆட்டம். சமநிலை. ஓட்டைச் சட்டை போட்டு ஓடி ஓடி ஜுசெமாருக்கு நாக்கு தள்ளிவிட்டது. பயிற்சியாளர் கத்தினார்: "ஜுசெமார் வெளிய! லொரேனோ உள்ள!" இருந்தது ஒரே சட்டை. ஜுசெமார் எல்லைக்கோட்டுக்கு ஓடி வந்து, இன்னும் உள்ளே நின்றபடியே அதைக் கழற்றப் பார்த்தார். அவசரத்தில் முழங்கை ஓட்டைக்குள் போய்விட்டது. தலை உள்ளேயே மாட்டிக்கொண்டது. லொரேனோ கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தான். "விடுடா!" "நீ விடுடா!" வியர்வை நாற்றம். ஓட்டை வழியாகக் கூரை விளக்கு ஒன்று தெரிந்தது. அப்போது வலது தோளில் டமார் என்று ஏதோ வந்து மோதியது.

பிறகு ஊரே மேலே விழுந்தது.

எதிரணிக் கோல்கீப்பர் டார்சீசியு, கோலை விட்டு முன்னேறி வந்து ஓங்கி உதைத்த பந்து அது. எதன் மேலோ பட்டு, உதைத்தவரின் தலைக்கு மேலே திரும்பிப் பறந்து அவருடைய வலைக்குள்ளேயே விழுந்தது. வானொலி அறிவிப்பாளர் கோல்கீப்பர் நிறத்தைப் பார்த்தார், "ஜுசெமாஆஆர்!" என்று கத்திவிட்டார். அதற்குப் பிறகு கண்ணால் பார்த்தவர்களும் வானொலியைத்தான் நம்பினார்கள். வீடியோ பிடித்தவர் அந்த நேரத்தில் மேயரின் முகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம் வருஷா வருஷம் அந்தக் கோல் தூரமாயிட்டே போச்சு" என்றார் ஜுசெமார். "நான் ஒண்ணுமே சொல்லல. தலையாட்டினேன், அவ்வளவுதான்."

"உங்க மேல பட்டுச்சுன்னா உங்க கோல்தானே? நீங்க உள்ளதானே நின்னீங்க?"

"என் மேல நேரா பட்டுச்சான்னுதான் தெரியலையே! லொரேனோ மேல பட்டிருந்தா? நான் வெளிய போகாம அவன் உள்ள வரக் கூடாது. அவன் கால் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா? எங்க இருந்தாலும் அவன் மேல பட்டா அது கோலே இல்ல. கோல் இல்லைன்னா கோப்பை இல்ல. நட்சத்திரமும் இல்ல."

4

(இந்த இடத்தில் ஜுசெமார் அழுவதாக ஒரு பகுதி எழுதியிருந்தேன். அவர் அழவில்லை. ஒரு லாரி வந்தது, டயர் மாற்றப் போய்விட்டார். பகுதியை எடுத்துவிட்டேன்.)

அழாவிட்டாலும் அவர் பயந்திருந்தார். லாரிக்கு அடியிலிருந்து சொன்னார்: "பேசுறது காத்தோட போயிடும். செவுத்துல என் பேரை எழுதிட்டா, நான் செத்த பிறகும் பொய் சொல்லிட்டே இருப்பேன்." இதைக் கேட்டபோது எனக்கு அவர் மேல் பெரிய அன்பு வந்தது. புத்தகத்தின் மேல் அதே அளவு வெறுப்பு வந்தது.

அவர் மனைவி சலேத்தி உள்ளேயிருந்து வந்தார். வெற்றி விருந்தில் "நீங்கதானே அந்தக் கோல்?" என்று கேட்டு அறிமுகமானவர்.

"இது என் கோல் இல்லைன்னா என்னைக் கட்டியிருப்பியா?" என்று ஜுசெமார் கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை.

"உன் கோலை வச்சு சோறா பொங்க முடியும்? உங்கிட்ட அப்போ ஒரு கார் இருந்துச்சு. அதான்."

"அது லொரேனோவோட காருடி."

சலேத்தி லாரிக்கு அடியில் குனிந்து பார்த்தார். "அப்போ எனக்கும் குழப்பமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

5

லொரேனோவை எப்படிப் படைப்பது என்று தெரியாமல் ஒரு நாள் முழுக்கத் தவித்தேன். பொறாமைக்காரனாக ஆக்கினால் கதை சுலபமாக நகரும். ஆனால் அவர் ஜுசெமாரின் மகளுக்கு ஞானத்தந்தை, சந்தைக்குப் பின்னால் இறைச்சிக்கடை வைத்திருப்பவர், வாரா வாரம் ஜுசெமாருக்குத் தனியாக சாசேஜ் எடுத்து வைக்கிறவர். பொறாமைக்காரர் சாசேஜ் எடுத்து வைக்க மாட்டார். (விஷம் வைத்து? சே, வேண்டாம்.)

சனிக்கிழமை காலையில் ஜுசெமாரும் நானும் கடைக்குப் போனோம். முப்பது வருஷமாக இருவரும் எதையெல்லாமோ பேசியிருக்கிறார்கள், இதை மட்டும் பேசியதில்லை.

"டேய், ஒண்ணு கேக்கணும்."

லொரேனோ கத்தியைக் கீழே வைத்தார். "கேக்காத."

"எதுன்னு தெரியுமா?"

"எழுத்தாளரைக் கூட்டிட்டு வந்திருக்க. சாசேஜ் எப்படிப் பண்றதுன்னா கேக்கப் போற?"

"பந்து யார் மேலடா பட்டுச்சு?"

"உன் மேல."

"நீ பார்த்தியா?"

லொரேனோ கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"நான் கண்ணை மூடிட்டேன்டா" என்றார். "அந்தக் காலத்துப் பந்து. கல்லு மாதிரி இருக்கும். மூஞ்சிக்கு நேரா வந்துச்சு, மூடிட்டேன். உன் தோள் மேல என் கை இருந்துச்சு, சட்டையை இழுத்துட்டு. கையிலயும் சுரீர்னுச்சு."

"இத்தனை வருஷம் ஏன்டா சொல்லல?"

"நீ அவ்வளவு உறுதியா இருந்த. செவுத்துல படம் வேற வரைஞ்சுட்ட."

"உறுதியா? நானா? உனக்குத் தெரியும்னுதான்டா நான் இருந்தேன்!"

"எனக்கு நீ கேட்டுடக் கூடாதேன்னு இருந்துச்சு. என் மேல பட்டுதுன்னா ஊரோட கோப்பையை நான்ல கெடுத்தவன் ஆவேன்?"

மறுநாள் காயம் இருந்திருக்குமே, அதை வைத்துக் கண்டுபிடித்திருக்கலாமே என்று நான் இடையில் புகுந்தேன். இருவரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். "ஊரே மேல ஏறி மிதிச்சுச்சு. உடம்பு முழுக்க நீலம். எந்த நீலம் எதுலேருந்து வந்ததுன்னு யாருக்குத் தெரியும்?"

டார்சீசியுவுக்குப் போன் போட்டோம். இப்போது ஆற்றங்கரை ஊரில் தேன் விற்கிறார். லொரேனோ ஒலிபெருக்கியில் போட்டுப் பிடித்தார்.

"அந்தக் கோலா? அதை மறக்கத்தான் தேனீயே வளர்க்கிறேன்" என்றது குரல். "பளிச்சுனு பார்த்தேனே! ஒரு தடியன் மேல பட்டுச்சு."

"எந்தத் தடியன்?"

"கோட்டு மேல நின்னானே, ஒரே தடியன். தலை தெரியல." குரல் இறங்கியது. "இப்போ யோசிச்சா, அவனுக்கு நாலு காலு இருந்துச்சு. அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும்."

6

ஜெல்சனிடம் நடந்ததைச் சொன்னேன். மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே கேட்டார்.

"எனக்கு ஒரே ஒரு வரி வேணும். யார் கோல் அடிச்சது? பெயிண்டர் ஏற்கெனவே எழுதி, துணி போட்டு மூடியாச்சு."

"ரெண்டு பேரும் சேர்ந்த ஒரு ஆள்னு—"

"அய்யா, ஒரு ஆளைத்தான் செவுத்துல எழுத முடியும். நீங்க கதை எழுதாதீங்க, சரித்திரம் எழுதுங்க."

இரண்டு தடவை மூடித் திறந்ததை ஒரே கிளப் என்கிறீர்களே, ஒரு சட்டைக்குள் மாட்டிக்கொண்ட இரண்டு பேரை ஒரு ஆள் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று கேட்க நினைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைத்தேன். இருமல் வேறு திரும்பிவிட்டது.

7

முடிவு, ஒன்று: ஞாயிற்றுக்கிழமை ஜுசெமார் துணியை இழுக்கிறார், கைதட்டல், சாசேஜ், பீர். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. (நடக்கக்கூடியது. எழுத மனம் வரவில்லை.)

முடிவு, இரண்டு: ஒலிவாங்கியைப் பிடித்து உண்மையைச் சொல்கிறார். எந்த உண்மையை? "எனக்குத் தெரியாது" என்பதற்கு எந்த ஊர் கைதட்டும்?

முடிவு, மூன்று: பெயர்ப்பலகை மழையில்— வேண்டாம். மழையை வரவழைத்துத் தப்பிக்கிற எழுத்தாளர்களை எனக்குப் பிடிக்காது.

இனி வருவது நான் யோசித்ததல்ல. சனிக்கிழமை மாலை ஜுசெமாரே வந்து என்னை அரங்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். லொரேனோ ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார். கோப்பை அலமாரியின் கண்ணாடி திறந்திருந்தது. அவர் தோளில் அந்தச் சட்டை கிடந்தது, முதுகில் ஓட்டையோடு. காலடியில் ஒரு பழைய கனத்த பந்து.

"அந்த வலி எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றார் ஜுசெமார். "மத்ததெல்லாம் ஊரு சொல்லிச் சொல்லி மாறிப்போச்சு. வலி மட்டும் மாறல. நேரா பட்டதா, இவன் கை மேல பட்டு வந்ததான்னு இன்னொரு தடவை பட்டாத் தெரிஞ்சிடும். நீங்க அடிங்க."

"நானா? நான் பந்து உதைச்சதே இல்லையே!"

"நீங்கதானே எழுதப் போறீங்க? அப்போ நீங்கதான் அடிக்கணும்."

டார்சீசியு நின்ற இடத்தில் என்னை நிறுத்தினார்கள். எதிரே எல்லைக்கோடு. கோட்டுக்கு உள்ளே ஜுசெமார் சட்டையை மாட்டினார், பாதி கழற்றினார், முழங்கையை ஓட்டைக்குள் விட்டார், தலையை உள்ளே மறைத்தார். வயிறு பெருத்துவிட்டதால் சட்டை முன்னைவிட மோசமாக மாட்டிக்கொண்டது. லொரேனோ கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கையை அவர் தோளில் வைத்துச் சட்டையைப் பிடித்தார்.

"கண்ணை மூடிட்டியா?" சட்டைக்குள்ளிருந்து வந்தது குரல்.

"மூடிட்டேன்."

"திருட்டுத்தனமா பார்க்காதடா."

"உன்னைப் பார்க்க என்ன இருக்கு? பேசாம நில்லு." பிறகு மெதுவாக, "டேய், என் கையில பட்டுச்சுன்னா?"

சட்டை ஒரு தடவை குலுங்கியது. "பட்டா ரெண்டு பேருமா போய்ச் சொல்லுவோம்."

லொரேனோ சட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். அங்கிருந்து பார்க்கும்போது டார்சீசியு சொன்னது சரிதான். நாலு கால், தலை இல்லை, ஒரே தடியன். எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

"அடிங்க எழுத்தாளரே!"

என்னால் முடியவில்லை. வேண்டுமென்றே வெளியே உதைக்கலாம், அது பொய். தோளைப் பார்த்து உதைக்கலாம், அது அதைவிடப் பெரிய பொய். இத்தனை பக்கமும் அவர்களோடு பழகிவிட்ட எனக்குக் கால் நேராக வராது. அவர்களை இப்போதுதான் பார்த்த ஒருவர்தான் உதைக்க வேண்டும். பந்தை உங்கள் பக்கம் தள்ளிவிட்டு நான் ஓரமாக நின்றுகொள்கிறேன். அவர்களுக்கு ஆள் மாறியது தெரியாது. ஒருவர் தலை சட்டைக்குள், மற்றவர் கண் மூடியிருக்கிறது.

உதையுங்கள். ரொம்பப் பலமாக வேண்டாம், இரண்டு பேருக்கும் வயதாகிவிட்டது.