கிளட்ச் அக்காவுக்கு இரண்டு நட்சத்திரம்

"அடிச்சேனா? நானா? இன்னொரு தடவை படி."

தம்பி போனை முகத்துக்கு அருகே கொண்டுபோய் இன்னொரு தடவை படித்தான். 'கார் ஓட்டக் கற்றுக்கொள்ள இங்கே போகாதீர்கள். டெஸ்ட்டில் பாஸ் ஆனால் போதும் என்றால் போங்கள். சொல்லித் தருகிறவர் வண்டியில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை கத்துவார். ஒருநாள் என் கையில் அடித்தார். லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. இன்றுவரை நான் தனியாக வண்டியை எடுத்ததில்லை.' மேலே ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்.

"அந்த ரெண்டு எதுக்காம்?"

"பாஸ் ஆனதுக்கா இருக்கும்" என்றான் தம்பி.

அக்காவுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. பேங்க்கைத் தவிர யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தெருவுக்கும், படிக்க வரும் பெண்களுக்கும், பஞ்சர் ஒட்டுகிறவருக்கும் அவள் கிளட்ச் அக்கா. இளம் வயதில் ஒரு டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நின்றபோது, மேசைக்குப் பின்னால் இருந்தவர், "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா, அவர்கிட்ட பேசிக்கறேன்" என்றார். வீட்டுக்காரர் அப்போது உயிரோடு இல்லை. அந்தக் கோபத்திலேயே வேறு இடத்தில் கற்று, பள்ளி வேன் ஓட்டி, பிறகு ஒரு பழைய காரை வாங்கிப் பெண்களுக்கு மட்டும் என்று பலகை மாட்டினாள். இப்போது மூன்று கார். ஆபீசாக இருந்த வீட்டு முன்னறையின் சுவர் முழுக்க லைசென்சைக் கையில் பிடித்துச் சிரிக்கும் பெண்களின் போட்டோ. அவளிடம் படித்தவர்கள் முதல் டெஸ்ட்டிலேயே பாஸ் ஆனார்கள். அதில் அவளுக்கு இருந்த கர்வத்தை அவள் மறைத்ததும் இல்லை.

எதிர்ப்பக்கம் ஒரு புது டிரைவிங் ஸ்கூல் வந்திருந்தது. வெள்ளை வெளேரென்று இரண்டு ஆட்டோமேட்டிக் கார். வகுப்பு நேரத்தைப் போனிலேயே பிடித்துக்கொள்ளலாம். "கியரும் இல்ல, கிளட்ச்சும் இல்ல. அது காரா? குழந்தை உக்காந்து சுத்துற ராட்டினம்" என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனாலும் அங்கே வண்டிகள் நிற்க நேரமில்லாமல் ஓடின. அதைப் பார்த்து அக்கா ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்த நேரத்தில்தான் இந்த இரண்டு நட்சத்திரம் வந்து விழுந்தது.

மேலே இருந்த பெயரைத் தம்பி படித்ததுமே எழுதியது யார் என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. கடைவீதி மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண்.

"பதில் எழுது" என்றாள் தம்பியிடம்.

"அக்கா, கோபம் தணியட்டுமே. சாயங்காலமா..."

"எழுதுன்னா எழுது."

அக்கா சொல்லச் சொல்ல அவன் எழுதினான். 'இந்த அம்மா வேறு இடத்தில் படித்து இரண்டு முறை ஃபெயில் ஆகி எங்களிடம் வந்தவர். ரிவர்ஸ் எது, முதல் கியர் எது என்று தெரியாமல் வண்டியைச் சுவரில் ஏற்றியவர். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதவர். இவரைப் பாஸ் பண்ண வைத்தது நாங்கள். வண்டி ஓட்டத் துணிச்சல் வேண்டும். அது மருந்துக்கடையில் கிடைக்காது.'

கடைசி வரி அக்காவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதை இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள்.

மதியத்துக்குள் அந்தப் பதிலை ஊரே படித்துவிட்டது. படித்தவர்கள் யாரும் பாராட்டவில்லை. 'கத்துக்க வந்த பொண்ணு அழுததை ஊருக்குச் சொல்றவங்கதான் டீச்சரா?' என்று ஒருத்தி கேட்டிருந்தாள். அதற்குக் கீழே கேள்விகள் வரிசைகட்டி நின்றன. மறுநாள் காலை வகுப்புக்கு வரவேண்டியவர்களில் ஒருத்திக்குத் திடீரென்று முதுகுவலி. இன்னொருத்தி, "எங்க வீட்ல வேணாம்னுட்டாங்க, தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். அந்த இன்னொருத்தியே குடையை முகத்துக்கு நேரே சாய்த்துக்கொண்டு எதிர் டிரைவிங் ஸ்கூலுக்குள் நுழைவதை அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வானத்தில் மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

"இவளுக்கு ஹேண்ட்பிரேக்னா என்னன்னு சொல்லிக்குடுத்தவ நான்!"

தம்பி மெதுவாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "ஒரு வழி இருக்கு. நல்லபடியா எழுதிப் போடறதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க. சொன்னா மளமளன்னு அஞ்சு நட்சத்திரமா வந்து விழும். இது அடியில போயிடும்."

"யாரு அவங்க? நம்மகிட்ட படிச்சவங்களா?"

"இல்ல. எங்கயோ இருக்கறவங்க."

"என் கார்ல ஏறாதவன் என் காரைப் பத்தி எழுதணுமா?" அக்கா போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற பூனை எழுந்து போனது. "அந்தப் பொண்ணாவது ஏறி உக்காந்துட்டு எழுதியிருக்கா! திருட்டுத்தனத்துக்கு நான் ஸ்கூல் நடத்தல. நம்ம பொண்ணுங்க எழுதட்டும். முதல்ல உன் பொண்டாட்டியைக் கூப்பிடு."

தம்பியின் மனைவி ஈரக் கையைத் துடைத்தபடி வந்தாள். சுவரில் இரண்டாவது வரிசையில் அவளும் லைசென்சோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நீ எப்படிக் கத்துக்கிட்ட, எப்படி ஓட்டற, அதை நாலு வரி எழுதிப் போடும்மா."

அவள் கணவனைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். "நான் எழுத வேணாம் அண்ணி."

"ஏன்?"

"உண்மையத்தானே எழுதணும்? நானும்தான் ஓட்டறதில்லையே."

"நான்தான் ஓட்டறேனே, அவளுக்கு எதுக்கு..." என்று தம்பி ஆரம்பித்தான்.

"நீ வாய மூடு. ஏம்மா, பயமா?"

"பயம்னு இல்ல. நீங்க பக்கத்துல இருந்தா நல்லாவே ஓட்டுவேன். நீங்க சொல்லுவீங்க, கை தானா செய்யும். நீங்க இல்லன்னா எப்ப எதைச் செய்யணும்னே தெரியல."

அக்கா சாவியை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று வெளியே போனாள். சொந்த வீட்டுக்குள்ளேயே எதிராக ஆள் கிளம்பிவிட்டதே என்று உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கார் நேராக மருந்துக்கடை வாசலில் போய் நின்றது.

கடையில் இரண்டு பேர் சீட்டை நீட்டியபடி நின்றிருந்தார்கள். அக்காவைக் கண்டதும் அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது. ஆனால் அவள் உள்ளே போய்விடவில்லை. வந்தவர்களுக்கு மாத்திரையைக் கொடுத்து, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று சொல்லி அனுப்பிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"நான் உன்னை அடிச்சேனா?"

"அடிச்சீங்க. கியர் மேல இருந்த கையில."

"லாரி வந்துச்சும்மா! நடுரோட்ல நியூட்ரல்ல போட்டுட்டு நிக்கற. அவன் ஹார்ன் அடிச்சிட்டே வர்றான். உன் கையத் தட்டி விட்டுட்டு நான் கியரைப் போட்டேன். இல்லன்னா இன்னிக்கி நீயும் இருக்க மாட்ட, உன் ரெண்டு நட்சத்திரமும் இருக்காது!"

"லாரியை நான் பாக்கவே இல்ல" என்றாள்.

"பாக்கல இல்ல?"

"நீங்களும் சொல்லல இல்ல? அன்னிக்கி என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா? 'கையா, களிமண்ணா'ன்னு கேட்டீங்க. அது மட்டும்தான் என் காதுல விழுந்துச்சு."

அக்காவுக்கு அது ஞாபகம் இல்லை. அவள் எல்லோரிடமும் சொல்வதுதான் அது.

"சரி, நான் எழுதினது தப்புன்னே வெச்சிக்குங்க. நான் அழுததை எதுக்கு ஊருக்குச் சொன்னீங்க? உங்க வண்டிக்குள்ள, கண்ணாடியை ஏத்திட்டு, உங்களை நம்பி அழுதேன். என் மாமியார் அதை வீட்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினாங்க. படிச்சுக் காட்டிட்டு விழுந்து விழுந்து சிரிச்சாங்க."

கடைக்கு யாரோ வந்தார்கள். அந்தப் பெண் அவர்களிடம் திரும்பிக்கொண்டாள். அக்கா, "லாரியையும் எழுதியிருக்கணும் நீ" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு இறங்கினாள். வழியெல்லாம் எதிரில் வந்த அத்தனை வண்டியையும் திட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள். மாமியாரின் சிரிப்பு மட்டும் எந்த வசவுக்கும் அடங்காமல் கூடவே வந்தது.

மறுநாள் வகுப்புக்கு வந்தவள் பேக்கரிக்காரம்மா ஒருத்திதான். கேக்குகளைத் தானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பதற்காகக் கற்றுக்கொண்டிருந்தாள். டெஸ்ட் வைக்கிற பாதையிலேயே அக்கா தினமும் கூட்டிப் போவாள். தண்ணீர்த் தொட்டி வந்ததும் மூன்றாவது கியர், பள்ளிக்கூட வாசலில் இரண்டு, பெட்ரோல் பங்க் தாண்டி இன்டிகேட்டர். அக்கா சொல்லிக்கொண்டே வர, பேக்கரிக்காரம்மா வழுக்கிக்கொண்டு போவதுபோல் ஓட்டினாள். அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் குழாய் போடுவதற்காகச் சாலையைத் தோண்டி, குறுக்கே தடுப்பு வைத்திருந்தார்கள். பேக்கரிக்காரம்மா வண்டியை நிறுத்திவிட்டு அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

"இப்ப என்ன செய்யணும் அக்கா?"

அக்கா பதிலை நாக்கு நுனிவரை கொண்டுவந்து விழுங்கிவிட்டாள். "நீ என்ன செய்யணும்னு நெனைக்கற?"

"தெரியலயே. நீங்க சொல்லுங்க."

பக்கவாட்டில் அகலமான தெரு இருந்தது. திரும்பினால் போதும். அது பேக்கரிக்காரம்மாவின் கண்ணில் படவே இல்லை. அவள் சாலையைப் பார்த்து ஓட்டவில்லை, அக்காவின் குரலைக் கேட்டு ஓட்டினாள். இத்தனை வருஷமும் சுவரில் சிரித்துக்கொண்டிருந்த பெண்களில் எத்தனை பேர் இப்படி என்று யோசித்தபோது அக்காவுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. இந்தத் தடவை அதை யார்மேல் கொட்டுவது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் படித்துவிட்டுப் போனவர்களில் சிலரைக் கூப்பிட்டுப் பேசினாள். "ஓட்டறியா?" என்று கேட்டதும் பலர் பேச்சை மாற்றினார்கள். ஒருத்தி, "அவர் ஓட்டறார் அக்கா, நான் பக்கத்துல உக்காந்துப்பேன்" என்று சந்தோஷமாகவே சொன்னாள். அதைக் கேட்டு அக்கா போனை வைத்த வேகத்தில் மேசை அதிர்ந்தது.

"எழுது" என்றாள் தம்பியிடம்.

"மறுபடியுமா?" என்று தம்பி பதறினான்.

'நீங்கள் அழுததையும் சுவரில் மோதியதையும் நான் எழுதியது தப்பு. அது வெளியே சொல்லும் விஷயம் இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். தனியாக ஓட்ட வரவில்லை என்றால் அது உங்கள் குறை இல்லை, நான் சொல்லிக்கொடுத்த விதத்தின் குறை. விசாரித்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஆனால் நான் உங்களை அடிக்கவில்லை. லாரி வந்தது, கையைத் தட்டினேன். நாளைக்கு லாரி வந்தாலும் தட்டுவேன்.'

"கடைசி வரி வேணுமா அக்கா? மன்னிப்புக் கேட்டதோட நிறுத்திக்கலாமே."

"அது இல்லன்னா மேல இருக்கறதும் இல்ல."

அதன் பிறகு பாடம் மாறியது. பாதி வகுப்புகள் முடிந்த பிறகு அக்கா வாயைத் திறக்கக் கூடாது என்று அவளே விதி போட்டுக்கொண்டாள். எங்கே போவது, எங்கே திரும்புவது, எப்போது நிறுத்துவது எல்லாம் ஓட்டுகிறவள் பாடு. அக்காவின் காலடியில் இருக்கும் பிரேக் மட்டும் அக்காவுடையது. விதி போடுவது சுலபமாக இருந்தது. "அக்கா, நீங்க உச்சுக் கொட்டறீங்க" என்றாள் பேக்கரிக்காரம்மா. உச்சுக் கொட்டுவதை நிறுத்தினால் மூச்சு பெரிதாக வந்தது. "மூச்சும் விடக் கூடாதாடி?" என்று கத்திவிட்டு, கத்தியதற்காக அந்த வகுப்பையே மறுபடி எடுத்தாள்.

இரண்டு பழைய கார்களை விற்றுவிட்டு ஓர் ஆட்டோமேட்டிக்கும் வாங்கினாள். வாங்கிய அன்று கிளட்ச் என்று நினைத்து இடது காலால் பிரேக்கை ஓங்கி மிதித்ததில் பக்கத்தில் இருந்த தம்பியின் நெற்றி டேஷ்போர்டில் இடித்தது. அந்த வண்டியில் முதலில் கற்றவள் தம்பியின் மனைவி. இப்போது அவளே ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறாள். தம்பி பஸ்ஸில் போகிறான். அதைப் பற்றி அவன் ஏதோ முணுமுணுத்தபோது, "பஸ்லயும் சீட் இருக்குல்ல?" என்றாள் அக்கா.

மருந்துக்கடைப் பெண் திரும்பி வரவில்லை. எதிர் ஸ்கூலில் படிக்கச் சேர்ந்தாள். அக்கா அதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "அரைகிளட்ச்ல மேடு ஏத்தறது எப்படின்னு உசிரைக் குடுத்துச் சொல்லிக்குடுத்தேனே, அது என்னாச்சு?" என்று அன்று முழுவதும் பொருமினாள். ஆனால் அந்தப் பெண் எழுதியதை மாற்றியிருந்தாள். 'அடித்தார்' என்பதை எடுத்துவிட்டு, 'லாரி வந்ததால் கையைத் தட்டினாராம், நான் கவனிக்கவில்லை' என்று போட்டிருந்தாள். நட்சத்திரம் மட்டும் இரண்டிலேயே நின்றது. தம்பி அதைச் சொல்லும்போதெல்லாம் அக்காவுக்கு இன்னமும் சுள்ளென்று ஏறும். போனவர்களில் கொஞ்சம் பேர் திரும்பி வந்தார்கள், எல்லோரும் வரவில்லை.

பேக்கரிக்காரம்மா டெஸ்ட்டுக்கு முந்தின வகுப்பில், தனக்குத் தெரியாத பக்கமாகப் போவோம் என்று தானே சொன்னாள். சந்தைக்குப் பின்னால் நாலு தெரு கூடும் இடத்தில் வண்டி அணைந்து நின்றுவிட்டது. அவள் ஒருமுறை முயன்றாள், இன்னொருமுறை முயன்றாள். பின்னால் நின்ற கார்க்காரன் ஹார்னிலிருந்து கையை எடுக்காமல் அலறவிட்டான். அவள் அக்காவைப் பார்க்கவில்லை. நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கண்ணாடியைப் பார்த்து, சாவியைத் திருகினாள்.

அக்கா உதட்டைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். வண்டிக்குள் பேசக் கூடாது என்பதுதானே விதி? கதவைத் திறந்து இறங்கி, பின்னால் இருந்த காரின் ஜன்னலருகே போய் நின்றாள்.

"ஏன்யா, நீ பொறக்கும்போதே ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பொறந்தியா? அந்தம்மா யோசிச்சிட்டிருக்காங்க. பொறு!"

முன்னால் கார் உறுமிக் கிளம்பியது. அக்கா திரும்பிப் பார்ப்பதற்குள் அது இடது பக்கமாகத் திரும்பி, அவளை நடுத்தெருவிலேயே விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

"இன்டிகேட்டர்!" என்று கத்தியபடி அக்கா பின்னால் ஓடினாள்.