எச்சம் என்று நினைத்தது

தையல்கார அக்காவுக்கு அசுத்தம் என்றாலே குமட்டும். ஜன்னலோர எலுமிச்சைத் தொட்டியில், ஓர் இலைமேல் பறவை எச்சம் ஒட்டியிருந்ததை முகம் சுளித்தபடி துடைக்கப் போனாள். எச்சம் நெளிந்தது. தலையைத் தூக்கி, ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்புகளை நீட்டியது. கூடவே அழுகிப் புளித்த ஒரு நாற்றம்.

"ஐயய்யோ, சீ!" என்று கைகழுவ ஓடினாள்.

நாத்தனார் சிரித்தாள். "பட்டாம்பூச்சிப் புழு அண்ணி அது. பயந்தா அப்படித்தான் நாறும். கொன்னுடாதீங்க, பாவம்."

நாத்தனாருக்காக விட்டுவைத்தாள். அது பச்சையாகப் பருத்துச் செடியையே மொட்டையடித்தது. ஜன்னல் திட்டெல்லாம் கறுப்புப் புழுக்கை. பிறகு குச்சியில் நூல் கட்டிக் கூடானது. ஒரு காலையில் கூடு பிளந்து பூச்சி வெளியே வந்தது. கறுப்பும் மஞ்சளுமாகச் சிறகு விரிந்த அழகில், அக்கா தன்னை மறந்து கையை நீட்டினாள். அவள் விரலில் ஏறிய பூச்சி, பழுப்பாக ஒரு சொட்டைப் பீய்ச்சிவிட்டுப் பறந்தது. போய் உட்கார்ந்த இடம், தெருநாய் மூத்திரம் பெய்த மண். அங்கே குழலை நீட்டி ஆசையாக உறிஞ்சியது.

"உப்புக்காக அண்ணி," என்றாள் நாத்தனார்.

"பேசாதே, வாந்தி வருது!"

அன்று மாலை, மகளின் கவுனில் பட்டாம்பூச்சி தைத்துத் தரக் கேட்டு ஒருத்தி வந்தாள்.

"வேணாங்க," என்றாள் அக்கா. "குழந்தை போடுற துணி. ரோஜாப்பூ தைச்சுத் தரேன்."