முப்பது விநாடி

பொறியாளர் கணினிக் கூடத்தின் நடுவில் நின்று, சத்தம் அளக்கும் மீட்டரை நீட்டிப் பிடித்தார். வேலை தொடங்கிய அன்று தொண்ணூற்றேழு காட்டியது இப்போது எண்பத்தாறு. கம்ப்யூட்டர்கள் சூடேறாமலிருக்க அங்கே ஆயிரம் ஃபேன் ஓயாமல் சுற்றும். நாற்பது நாளாய் நானும் மாப்பிள்ளையும் சுவர் முழுக்கப் பஞ்சுப் பலகை அடித்து, இடுக்கு இடுக்காய் ரப்பர் திணித்திருந்தோம்.

"அப்பாடா, இப்பத்தான் காதுல உயிரே வருது" என்றான் மாப்பிள்ளை. என் மனைவியின் தம்பி. கழுத்து நீளமென்பதால் ஊழியர்களுக்கெல்லாம் அவன் கொக்கு.

நானும் தலையாட்டி வைத்தேன். எனக்கு இரைச்சல் ஒன்றும் குறையவில்லை. ஒன்பது வருடம் அதே கூடத்தில் கேபிள் இழுத்தவன் நான், காதுக்கு எதுவும் மாட்டாத காலத்திலிருந்து. அந்த இரைச்சல் வீட்டுக்கும் கூட வந்து, சோற்றில் கை வைக்கும்போதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

கூடத்தின் கதவில் ஒரு பலகை உண்டு. எழுத்துக் கூட்டிக் கூட்டி நானே படித்தது: மணி அடித்த முப்பது விநாடிக்குள் வெளியேறவும். தீப்பிடித்தால் வாயுவைத் திறந்துவிடுவார்கள். தீயும் அடங்கும், உள்ளே நிற்பவனின் மூச்சும் அடங்கும்.

போன வாரம் அதற்கு ஒத்திகை வைத்தார்கள். நான் ஏணி மேல் ஸ்குரூ முடுக்கிக்கொண்டிருந்தேன். வெளியே ஓடிய கொக்கு திரும்பி வந்து என் காலைப் பிடித்து இழுத்தான்.

"மணி கேக்கலையா மாமா?" வெளியே வந்ததும் காதருகே வந்து கேட்டான்.

"கேட்டுச்சு. ஒரு ஸ்குரூ பாக்கி இருந்துச்சு."

"அக்காகிட்ட சொல்லிருவேன்."

"சொல்லு. அவ திட்டுறது கேக்காம இருந்தா எனக்கும் நிம்மதிதான்."

எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவன், அன்று சிரிக்கவில்லை.

இன்று எல்லோருக்கும் காது சோதனை. காது சரியில்லாதவன் இனிக் கூடத்துக்குள் கால் வைக்க முடியாது. வெளியே இந்த வயசில் எனக்கு யார் வேலை வைத்திருக்கிறார்கள்?

சின்னக் கண்ணாடி அறைக்குள் என்னை உட்காரவைத்து, நர்ஸ் தலையில் ஹெட்போனை மாட்டினாள். "சத்தம் கேட்டா பொத்தானை அழுத்துங்கண்ணே. லேசா கேட்டாலும் போதும்."

எனக்குக் கேட்டதெல்லாம் பழைய இரைச்சல்தான். ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கருவியின் விசை மேல் அவள் விரல் தெரிந்தது. விரல் கீழே போகும்போதெல்லாம் நான் அழுத்தினேன். வலது காது முடிந்தது.

அவள் கதவைத் திறந்து, "பாம்புக் காதுண்ணே உங்களுக்கு" என்றாள் சத்தமாக. அடுத்த ஆளாய் வாசலில் நின்ற கொக்கு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். என் கண் போன திசை அவனுக்குத் தெரிந்துவிட்டது.

கதவை மூடிவிட்டு அவள் தன் இடத்துக்குப் போனாள். கொக்கு அவளிடம் குனிந்து ஏதோ சொன்னான். அவள் திரும்பி என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு எழுந்து, கருவியை மேசையின் அந்தப் பக்கம் நகர்த்தி, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

அவள் பின்னல் மட்டும் தெரிந்தது. அதன் பக்கத்தில் கொக்கு, நீளக் கழுத்தைத் தொங்கப் போட்டபடி. அவன் உதடு அசைந்தது. என் கட்டைவிரல் பொத்தான் மேல் வியர்த்துக்கிடந்தது. ஹெட்போனுக்குள் ஆயிரம் ஃபேனும் சுற்றிக்கொண்டிருந்தன.