ஹால்வர் மோனின் செருமல்

அறிவிப்பு போன மறுநாள் காலை, டோரன் ஏரிக்கு மேலே தேவாலயக் காரியதரிசிகள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பறந்து வந்தார்கள். காட்டு வாத்துகளைப் போல முன்னால் கூர்ந்து பின்னால் விரிந்த இரண்டு வரிசை. முதல் நாற்காலிக்காரர் களைத்துப் பின்னுக்குப் போனால் அடுத்தவர் முன்னுக்கு வந்தார். பெரும்பாலானவர்கள் மடியில் கைப்பையும் தோளில் கம்பளிச் சட்டையும் வைத்திருந்தார்கள். அக்டோபர் மாதம், வாத்துகளும் அதே வழியாகத் தெற்கே போகிற நேரம் என்பதால், வானத்தில் இடமில்லாமல் அவை நெடுஞ்சாலை ஓரமாக நடந்து போயின. அன்று மாட்டுத் தீவனம் மூட்டைக்குக் கால் டாலர் ஏறியிருந்தது. ஊரில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

மின்னசோட்டாவின் வடக்கே இருக்கும் டோரனில் ஒரே ஒரு மென்பொருள் நிறுவனம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் கொடுக்கும் தாளை அச்சடிக்க ஒரு மென்பொருள், அதுதான் அவர்கள் சரக்கு. டிராக்டருக்குப் பின்னால் கலப்பை மாட்டுவதுபோல, அதோடு மாட்டிக்கொள்ளும் சின்னச் சின்ன நிரல்களை நீட்சிகள் என்பார்கள். பாட்டு எண்ணைத் தானே தேடி எடுக்க ஒன்று, இந்த வாரம் யார் வீட்டுக் கேக் என்று நினைவுபடுத்த ஒன்று. யார் வேண்டுமானாலும் எழுதி மாட்டலாம் என்று விட்டதில் நீட்சிகள் களை மாதிரி வளர்ந்துவிட்டன. ஏரியின் கிழக்கே பழைய வெண்ணெய் ஆலையில் இருந்த கணினிகளால் அவற்றைச் சமாளிக்க முடியவில்லை. எனவே மேற்கே, பந்துருட்டும் கூடமாக இருந்த கட்டடத்தில் புதிய மேலாண்மை அமைப்பை நிறுவி, கலியா வாங் என்ற பெண்ணைப் பொறுப்பாகப் போட்டார்கள். கலியா எழுதிய அறிவிப்பு இரண்டே வரி: "வெள்ளிக்கிழமைக்குள் பயனர்கள் அனைவரையும் நாங்களே இடம் மாற்றிவிடுவோம். உங்கள் தரப்பில் எதுவும் செய்யத் தேவையில்லை." எல்லா நிறுவனமும் எழுதுகிற வரிதான். ஆனால் எங்கள் பக்கத்துக் காரியதரிசிகள் சொன்னதைச் செய்கிறவர்கள். எதுவும் செய்யாதே என்றால் முழு மூச்சாக எதுவும் செய்யாமல் இருப்பார்கள். அப்படி அசையாமல் உட்கார்ந்ததில் நாற்காலிகளின் எடை போய்விட்டது. மேலே எழும்பி, கிழக்குக் கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஏரியைக் கடந்து புதிய கட்டடத்தின் வாசலில் வரிசையாக இறங்கினார்கள். கலியாவின் ஆட்கள் நீட்சிகளைச் சரிபார்த்து, காபி கொடுத்து, பேருந்தில் ஏற்றி அனுப்பினார்கள். நாற்காலிகளை அடுக்கியது லாரி நிறுத்தத்து ஆட்கள். அவர்களுக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

இறங்க முடியாமல் போனது ஒரே ஒருவருக்குத்தான். டோரன் லூத்தரன் தேவாலயத்தின் காரியதரிசி ஆர்டெல் மோன் வாசலுக்கு மேலே, கூரை உயரத்தில் அப்படியே நின்றுவிட்டார். அவர் வைத்திருந்த நீட்சியைப் புதிய அமைப்பு ஏற்கவில்லை. அதை எழுதியவர் அவருடைய கணவர் ஹால்வர். பால் லாரி ஓட்டியவர். ஆர்டெல் தாளைத் தட்டச்சு செய்யும்போது பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பிழை கண்டால் தொண்டையைச் செருமுவார். தப்பு என்று வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. பிறகு மீன் பிடிக்கப் போகும் நாட்களுக்காக, நூலகத்துப் புத்தகத்தைப் படித்து அந்தச் செருமலை ஒரு நீட்சியாக எழுதி மாட்டிவிட்டார். பிழை வந்தால் கணினி செருமும். நான்கு வருடத்துக்கு முன் ஒரு ஜனவரியில், உறைந்த ஏரி மீது போட்ட மீன்பிடிக் குடிலில் உட்கார்ந்தபடியே ஹால்வர் இறந்தார். செருமல் மட்டும் தங்கிவிட்டது. ஆர்டெல் அப்போதிலிருந்து வேண்டுமென்றே பிழை விடுவதாகவும், பாதிரியாரின் பெயரே மூன்று விதமாக வருவதாகவும் சபையில் பேச்சு. யாரும் திருத்தவில்லை.

கலியா ஏணி போட்டு ஏறிப் போய் விளக்கினார். "எழுதினவரு சம்மதம்னு ஒரு பொத்தானை அமுக்கணுங்க. இல்லைன்னா வெள்ளிக்கிழமை பழைய கணினியோட சேர்ந்து அழிஞ்சிரும். அவருதான் இல்லையே, நான் என்னங்க பண்ண?"

"மெயில் போட்டுப் பாரும்மா," என்றார் ஆர்டெல். "உசுரோட இருந்தப்பவே அவரு லேட்டாத்தான் பதில் போடுவாரு."

"மெயில் தானாவே போய்க்கிட்டுதான் இருக்கு. நிறுத்தத்தான் தெரியல."

"அப்ப நல்லதாப் போச்சு. நான் இங்கயே இருக்கேன். எனக்கு ஒண்ணும் தொந்தரவு இல்ல."

தொந்தரவு இல்லை என்று எங்கள் ஊரில் சொன்னால் நகர மாட்டேன் என்று பொருள். சூப்பும் போர்வையும் ஏணி வழியாகப் போயின. நினைவூட்டல், கடைசி நினைவூட்டல், உண்மையிலேயே கடைசி நினைவூட்டல் என்று ஹால்வரின் முகவரிக்கு மெயில்கள் குவிந்தன. வியாழக்கிழமை மதியம் ஹால்வர் மோன் ஏரித் தண்ணீர் மேல் நடந்து வந்தார். இறந்த அன்று போட்டிருந்த பனிக் காலணி, கையில் தூண்டில். வாசல் கால்மிதியில் காலை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"செத்த பிறகாச்சும் ஒரு மனுசனைச் சும்மா விடக் கூடாதா? எங்க அமுக்கணும், சொல்லுங்க."

கலியா நாற்காலியை இழுத்துப் போட்டார். கணினி கடவுச்சொல் கேட்டது. ஹால்வருக்கு நினைவில்லை. சரி, பாதுகாப்புக் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள் என்றது: உங்களுக்கு மிகவும் பிடித்த சாப்பாடு? ஜன்னலுக்கு வெளியே தொங்கிய மனைவியை ஒருமுறை பார்த்துவிட்டு, 'ஆர்டெல் செய்யும் உருளைக்கிழங்கு ஹாட்டிஷ்' என்று தட்டினார். தவறு என்றது. தலையைக் குனிந்து வேறொன்றைத் தட்டினார். கதவு திறந்ததுபோல எல்லாம் திறந்துகொண்டது.

"என்ன போட்ட, ஹால்வர்?" என்று மேலிருந்து கேட்டார் ஆர்டெல்.

"ஒண்ணுமில்ல."

"பக்கத்து வீட்டு எர்னா செய்யுற கறி உருண்டையா?"

ஹால்வர் தொண்டையைச் செருமினார். கணினியில் வருவது போலவே இருந்தது என்றாலும் கொஞ்சம் சளி சேர்ந்திருந்தது. அவர் சம்மதப் பொத்தானை அமுக்கியதும் ஆர்டெலின் நாற்காலி மெல்ல இறங்கி, கதவு வழியாக உருண்டு வந்து அவர் பக்கத்தில் நின்றது. இருவரும் காபி குடித்தார்கள். தேவாலயத்துக் கூரை மாற்றியதைப் பற்றிப் பேசினார்கள்.

"எவ்வளவு ஆச்சு?"

"கேக்காத. நீ மறுபடியும் செத்துருவ."

இருட்டுவதற்கு முன் ஹால்வர் தூண்டிலை எடுத்துக்கொண்டு வந்த வழியே போனார். அவர் எழுந்த பிறகுதான் திரையின் அடியில் இருந்ததைக் கலியா கவனித்தார்: சம்மதம் ஓராண்டுக்குச் செல்லும், பிறகு எழுதியவரே நேரில் புதுப்பிக்க வேண்டும்.

அடுத்த அக்டோபரில் அவர் வந்தார். அதற்கடுத்த அக்டோபரிலும் வந்தார். கலியா அந்த நாட்களில் ஒரு நாற்காலியைக் கூடுதலாகப் போட்டு வைத்தார். மூன்றாம் ஆண்டு, ஹால்வர் வந்து போன அதே வாரத்தில், ஆர்டெல் எலுமிச்சை பார் என்ற இனிப்புத் துண்டுகள் ஒரு தட்டு நிறைய எடுத்துக்கொண்டு கலியாவின் அறைக்கு வந்து, வானிலையைப் பற்றி வெகுநேரம் பேசினார். கடைசியில் கதவுப் பிடியில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"அந்தச் சம்மதம்... வருசத்துக்கு ஒரு தடவைன்னு இருக்கே. அது பாதுகாப்புக்குப் போதுமா? எனக்கு ஒண்ணும் இல்ல, சும்மா கேட்டேன்."

கலியா ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். "எத்தனை மாசத்துக்கு ஒரு தடவைன்னா பாதுகாப்பா இருக்கும்னு நினைக்கிறீங்க?"

"மூணுன்னு வச்சா நல்லது. குளிர்காலத்துல ரெண்டுன்னு வச்சாலும் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

அன்றிலிருந்துதான் அந்த மென்பொருளுக்கு நீட்சி எழுதிய ஒவ்வொருவரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, குளிர்காலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, டோரனுக்கு நேரில் வந்து பொத்தானை அமுக்க வேண்டியிருக்கிறது. டகோட்டாவிலிருந்தும் அயோவாவிலிருந்தும் வருகிறவர்கள் வழியெல்லாம் திட்டிக்கொண்டு வருகிறார்கள். ஹால்வரும் வாசலில் காலைத் துடைத்துக்கொண்டே திட்டுகிறார். கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளும்படி கலியா பலமுறை சொல்லிவிட்டார். அவர் எழுதி வைத்துக்கொள்வதில்லை. அதனால் ஒவ்வொரு முறையும் வேலை முடியச் சாயங்காலம் ஆகிவிடுகிறது.