ஈர வலை

பனிக்காலம் வந்தாலே, குட்டையில் மீன் வளர்க்கும் வாயாடிக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். போன பனிக்கு அவள் குட்டையில் கெண்டைகளின் உடம்பெல்லாம் சிவப்புப் புண். அத்தனையும் செத்து மிதந்தன. இந்த முறையும் அப்படி ஆனால் குட்டையை மூடிவிட்டு வேறு பிழைப்புத் தேட வேண்டியதுதான். நாலு மீனைப் பிடித்துப் புரட்டிப் பார்த்துவிடலாம் என்று பக்கத்துக் குட்டைக்காரியான நாத்தனாரிடம், அதாவது புருஷனின் அக்காவிடம், வலை கேட்கப் போனாள்.

வாசலில் மீன் வியாபாரி உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, வலையைக் கொஞ்சம் குடுங்க."

"வலை ஈரமா இருக்கு" என்றாள் நாத்தனார், முகத்தைப் பார்க்காமலே.

தண்ணீரில் போடப்போகிற வலைக்கு ஈரமாம்! "கட்டிக்கிட்டுப் போறதுக்குப் புடவையா கேட்டேன்?" என்று வெடித்துவிட்டு வந்தாள் வாயாடி. கஞ்சம், பொறாமை, தம்பி குடும்பம் தலையெடுக்கக் கூடாதென்ற கெட்ட எண்ணம் என்று வீடு அதிரத் திட்டினாள். அக்காவோடு பிறந்த பாவத்துக்குப் புருஷனுக்கும் நன்றாக விழுந்தது.

விடிந்தும் கோபம் ஆறவில்லை. தன் மீன்களுக்குத் தீவனம் போட்டுவிட்டு நேரே சண்டைக்குக் கிளம்பினாள்.

அங்கே நாத்தனார் முழங்கால் தண்ணீரில் நின்று செத்த கெண்டைகளைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றிலும் அதே சிவப்புப் புண். கரையில் ஒரு தொட்டி நிறைய பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர். அதில் வலை ஊறிக்கொண்டிருந்தது.

வாயாடிக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த வலையை நேற்று வாங்கியிருந்தால் தன் கையாலேயே நோயைக் கொண்டுபோய்த் தன் குட்டையில் முக்கியிருப்பாள்.

"சொல்லியிருக்கலாமே அக்கா?"

"வியாபாரி இருக்கறப்பவா? பக்கத்துக் குட்டைன்னு உன் மீனையும் வேணாம்னுடுவார். என் மீன் இந்தத் தடவை விக்கறதுக்கில்லன்னு அவரை அனுப்பிட்டு, உங்க வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன். உள்ள நீ என்னைத் திட்டிக்கிட்டு இருந்தே. முடியட்டும்னு நின்னேன். முடியற மாதிரியே தெரியல."

தன் மீனெல்லாம் சாகும்போதும் இவள் என் குட்டையை நினைத்தாளே என்று வாயாடி அவளைக் கட்டிக்கொள்ள ஓடினாள்.

"கிட்ட வராதே!" என்று கத்தினாள் நாத்தனார். "நோய்த் தண்ணி! காலை நனைக்காம போய் உன் குட்டைக்குச் சுண்ணாம்பு போடு."

"அக்கா, நேத்து சொன்னதெல்லாம் தப்பு. உங்களுக்கு நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கேன்."

"கஞ்சம்னியே, அது மட்டும் இருக்கட்டும். அது நிஜம்தான்."

வாயாடி கரையில் நின்று சிரித்தாள், அழுதாள். கால் மட்டும் நனையாமல் பார்த்துக்கொண்டாள்.